ஒர்மேஞ்ஞோ வீட்டில் இரவு பத்தரை

இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
கதவைத் திறந்தால்
மழைக்கோட்டுக்குள் எதையோ
பூனைக்குட்டி போல் அணைத்துக்கொண்டு
யாஸ்னா.

"என் கணினி செத்துப்போச்சு.
துடுப்புக் கழகத்தின் வருஷக் கணக்கு
பன்னிரண்டுக்குள் நகராட்சிக்குப் போகணும்.
உங்களுடையதும் அதே வகைதானே?"

அவள் வணக்கம் சொல்லவில்லை. நானும்தான்.
ஜூலை மழையில் வால்திவியாவில்
எவரையும் வாசலில் நிறுத்துவதில்லை,
வழக்குப் போடுவேன் என்றவரையும்.

அடுப்பருகே மேசை. வட்டைச் செருகினாள்.
திரை அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டது:
இந்த வட்டிலேயே உங்கள் கணினியையும்
நகலெடுத்து வைக்கட்டுமா?
வேண்டாம். பிறகு முடிவு செய்.
அவள் வாய் திறப்பதற்குள்
இரண்டாவதை அழுத்தியிருந்தேன்,
ஏன் என்று தெரியவில்லை.

அடுத்து, பூட்டு.
கடவுச்சொல்லைத் தட்டினாள்.
பெட்டி இடம் வலமாய்த் தலையாட்டியது.
மறுபடி. மறுபடியும் தலையாட்டல்.
"இதில் அந்த எழுத்து எங்கே?"
தொரொந்தோவிலிருந்து மகன் அனுப்பிய கணினி.
தலையில் அலை சுமக்கும் எங்கள் எழுத்து
அந்த ஊர் விசைகளில் கிடையாது.
என் குடும்பப் பெயரில் அது உண்டு,
ஆகவே ஒளிந்திருக்கும் இடம் தெரியும்.
"எந்தச் சொல்லுக்கு?" என்று கேட்டேன்.
கேட்டிருக்கத் தேவையில்லை.

தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது
கொஞ்ச நேரம்.

"லேஞ்ஞா," என்றாள்.
விறகு.

அவள் சுவரில் சாய்ந்து நிற்கும் என் விறகு.
அகற்று என்று மூன்று கடிதம் வந்த விறகு.
அதைத்தான் தினமும் காலையில்
தட்டித் திறந்துகொண்டிருந்திருக்கிறாள்.
கீழ்வரிசையில் ஒன்றை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தபடி ஒரு தட்டு, விட்டபின் ஒரு தட்டு.
சொல்லின் மிச்சத்தை அவள் அடிக்கையில்
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
எண்ணினேன், ஆறு தட்டு.
ஈரமான என்பதற்கு எங்கள் மொழியில்
ஆறு எழுத்து.

திறந்தது.

மாலை நாலு பத்தின் நகல்.
நாலரைக்குச் செத்த கணினி
இருபது நிமிஷம் இளையதாய்
என் மேசையில் எழுந்து உட்கார்ந்தது.
அதற்குப் பின்னால் மூன்று பத்து, இரண்டு பத்து,
நேற்று, போன வாரம், போன குளிர்காலம்,
ஒன்றின் தோளுக்குப் பின் ஒன்றாய்.

கணக்கைத் தேடி வேகமாய் உருட்டினாள்.
போதாத வேகம்.
என் பெயரில் ஒரு கோப்புறை.
உள்ளே ஞாயிறுக்கு ஒரு படமாய்
அவள் படுக்கையறைச் சுவர்.
முதலில் முழங்காலளவு கறை. பிறகு இடுப்பு.
கடைசியில், ஆணியில் தொங்கும் கோட்டின்
தோள் வரைக்கும் கருப்பு.
இடது மூலையில் மட்டும் ஒரு பள்ளம்,
ஆகஸ்டில் நான் உருவியெடுத்த இடம்.
பன்னிரண்டு வருஷமாய் அடுக்குகிறேன்.
என் அடுக்கின் முதுகை அன்றுதான் பார்த்தேன்,
அதுவும் இன்னொருத்தியின் கணினி வழியாக.

பார்த்ததை அவளும் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பதினொன்று நாற்பத்தாறுக்குக் கணக்கு போனது.
வடத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.
வட்டு முறையாக விலக்கப்படவில்லை என்று
திரை முறையிட்டது.

"கடவுச்சொல்லை மாத்திடுவேன்," வாசலில்.
"மாத்துங்க," என்றேன்.

போன பிறகு கைவிளக்கோடு பின்புறம் போனேன்.
சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் கை நுழையுமா?
விரல்கூட நுழையவில்லை.
மேல்வரிசையில் நாலு கட்டையை
உள்ளே சுமந்து வந்து அடுப்பில் வைத்தேன்.
பற்றவில்லை.
புகைந்தது, புகைந்துகொண்டே இருந்தது.
காற்று எந்தப் பக்கம் என்று
சன்னலைத் திறந்து பார்த்தேன்.
அவள் பக்கம்தான்.