தளவாய்க்குத் தளவாடம் பற்றி

பேரு மட்டும் உமக்குத் தளவாய், வே.
பட்டாளம் இருக்கிற திசைக்குத் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல.
பணகுடி பைபாஸில் டீ ஆறிப்போற வரைக்கும்
எந்த நாட்டு டாங்கி எந்த நாட்டு டாங்கியை உடைக்கும்னு
செல்போனைச் சாய்ச்சுவச்சுச் சொல்லுதீர்.
கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்,
டிராக்டரோட ஏர் ஃபில்டரைத் தட்டிக்கிட்டே.

இருபத்திரண்டு வருஷம் பழுது பார்த்தவன்.
சுட்டதைவிடத் திருகினது அதிகம்.
அதனால என் அபிப்பிராயமெல்லாம்
ஒரு நட்டு போல்ட்டு உயரத்துலதான் நிக்கும்.

குண்டு துளைக்காத சட்டையை வரைஞ்சவன்
அதை மாட்டிக்கிட்டு ஒருநாள்
வள்ளியூர்ச் சந்தையில வெங்காய மூட்டை இறக்கியிருக்கணும்.
காலையில வாரை இழுத்துக் கட்டும்போது
உயிரைக் காக்கும்னு தோணும்.
மத்தியானத்துக்குமேல
உயிர் போனாலும் சரி, கழத்தினாப் போதும்னு தோணும்.

கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னால
பச்சை வண்டிக்கெல்லாம் வெள்ளை அடிச்சோம்,
பக்கத்துக்கு ரெண்டு கறுப்பு எழுத்து.
ஒளியுறதுக்குன்னே செஞ்ச வண்டியை
ஊருக்கே தெரியும்படி ஆக்குற வேலை.
கீறல் விழுந்தா உள்ளேயிருந்து பச்சை எட்டிப்பார்க்கும்.
அதைத் தொட்டுப் பூசவே
என் சட்டைப்பையில சின்ன பிரஷ் ஒண்ணு
தெற்கு சூடான் முழுக்க என்கூட வந்துச்சு.

அங்க மண்ணு நம்ம மானூர்க் கரிசல், வே.
கோடையில முழங்கை நுழையுற வெடிப்பு.
மழை விழுந்தா செருப்பை வாங்கி வச்சுக்கும், திருப்பித் தராது.
பதினாறு டன் வண்டி. ஆறு சக்கரம்.
எந்த நிலத்திலும் ஓடும்னு கையேட்டுல அச்சடிச்சிருந்தான்.
மானூர்ச் சம்சாரி ஒருத்தரைக் கேட்டிருந்தா,
‘ஐப்பசியில நாங்க மாட்டுவண்டியே பூட்டமாட்டோம்’னு
ஓசியில சொல்லியிருப்பாரு.

ஒரு ராத்திரி ஒயர்லெஸ்ஸில ஒரு ஊர்ப்பேரு வந்துச்சு.
பதினோரு கிலோமீட்டர்.
இங்கேருந்து வள்ளியூருன்னு வச்சுக்கிடும்.
மேலேருந்து உத்தரவு வர நாலு மணி நேரம்.
அப்புறம் மண்ணுக்கு ஒன்றரை நாள்.
அச்சுவரைக்கும் புதைஞ்ச வண்டியில
எதுவும் பழுதில்ல.
எஞ்சின் சரி. துப்பாக்கி சரி.
இருட்டுல பார்க்குற கண்ணாடி ரொம்பச் சரி.
அதுல நெருப்பு பச்சையாத் தெரியும், தெரியுமா உமக்கு?
வயக்காடு மாதிரி.

போய்ச் சேர்ந்தப்போ
ஒரு பொம்பளை மட்டும் எந்திரிச்சு வந்தா.
வண்டியோட வெள்ளையை ஒரு விரலால தொட்டா,
பெயின்ட் காஞ்சிருச்சான்னு பார்க்குறவ மாதிரி.
விரலைத் திருப்பிப் பார்த்துட்டுப் போயிட்டா.
அந்த இடத்துல ஒரு கீறலும் இல்ல.
நான் பிரஷ்ஷை எடுத்து அதுமேல பூசினேன்.
ஏன்னு கேக்காதீரும்.

டாலர்ல சம்பளம். இல்லைன்னு சொல்லல.
இந்த ஷெட்டு, அந்த கம்ப்ரசர், மூத்தவளுக்குக் கட்டின காலேஜ் ஃபீஸ்
எல்லாம் அதுதான்.
மெடலும் உண்டு. தொண்ணூறு நாள் இருந்தவனுக்கெல்லாம் உண்டு.
உத்தரவு தர நாலு மணி நேரம் எடுத்தவருக்கும் உண்டு.

இப்ப ட்ரோன் வந்தாச்சு, இனி மண்ணே வேண்டாங்கீர்.
வேய், பார்க்குறதுல எங்களுக்கு என்னைக்குமே குறை இல்ல.
நல்லாப் பார்த்தோம்.
உலகத்துலயே நல்ல வண்டி எதுன்னு கேட்டீர்லா?
போய்ச் சேருற வண்டி.
குழல் நீளம், தகடு கனமெல்லாம் அதுக்குப் பிறகு.
இதைச் சொன்னா
‘ஞானதிரவியம் வெறும் மெக்கானிக்தானே’ம்பீர்.
ஆமா, வெறும் மெக்கானிக்.

அந்தா, காத்தாடி இறக்கை ஏத்தின லாரி
திரும்ப முடியாம ரோட்டை அடைச்சிட்டு நிக்குது.
இறக்கைக்கு ஒரு குறையும் இல்ல பாரும்.

சரி, செல்லை அணைச்சிட்டு இங்க வாரும்.
இந்த டிராக்டரை வாங்கினவரு மானூரு.
நாளைக்கு அந்தப் பக்கம் மழைங்கான்.
பின் டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கணும்.
கையை இங்க வையும்.
இங்கயில்ல,
இங்க.