கதவடைப்பு

பதின்மூன்று வயதில் டார்ட்மத்தில் சேர்ந்தவர்
முப்பத்தொன்றில் ஒரு பழுப்பு உறையோடு திரும்பினார்:
கப்பல்கள் குறைகின்றன, நன்றி.
அந்தப் பணத்தில் நாற்பது கோழிகள்.

லெப்டினன்ட் கமாண்டர் ட்ரெவான்ஸ்
முட்டைக் கணக்கிலும் காற்றின் திசையைத்தான் முதலில் எழுதுவார்.
தவிட்டு வாளியைத் தூக்கினாலும் முதுகு வளையாது.
சிரிப்பேன். அவரும் சிரிப்பார்.

இருட்டியபின் சிரிப்பில்லை.
கூண்டு வாசலில் லாந்தரோடு நிற்பார்.
நரி வரும், அடையுங்கள் என்பேன்.
"இன்னும் ஒன்று வரவில்லை, ஹெஸ்டர்."

ஜட்லாண்டில்
நீர் ஏறிய அறையின் இரும்புக் கதவை
அடைக்கச் சொன்னது இவர் குரல்.
மறுபுறம் தட்டியவர்கள் ஒன்பது பேர்.
இதை எனக்குச் சொன்னது
சந்தையில் மீன் விற்கும் பழைய மாலுமி.

நேற்று நரி ஏழு கோழிகளைக் கொண்டுபோனது.
பதிவேட்டில்: தென்மேற்குக் காற்று. லேசான தூறல்.
கதவு திறந்திருந்தது.