இருபத்தொன்று

என்னைப் பிடிக்கிறதா என்று கேட்டேன், ஒரு பிப்ரவரியில்.
"அக்டோபரில் சொன்னேனே.
மாறினால் தெரிவிக்கிறேன்" என்றாள் ஹெல்யே,
துளைக்கருவியின் திருகுக்கு கிரீஸ் தடவியபடி.

வோர்ம்சித் தீவிலிருந்து கரைவரை
உறைந்த கடல்மேல் சாலை திறப்பது அவள் வேலை.
துளை, அளவுகோல், நோட்டு.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் திறப்பு.
இல்லையென்றால் இல்லை.
மீன் லாரிக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ஏசுவார்கள்.
வசவுக்குள் தகவல் ஏதும் இருக்கிறதா என்று
தலை சாய்த்துக் கேட்பாள், அவ்வளவுதான்.

பனிச்சாலையில் சீட் பெல்ட் போடக்கூடாது.
வெளியூர்க்காரர்கள் மிரள்வார்கள்.
"மூழ்கினால் எப்படி வெளியே வருவாய்?
யோசித்தால் புரியும்."

யோசித்தால் புரியும்.
எங்கள் சண்டைகள் எல்லாம்
இந்த இரண்டு சொல்லில்தான் தொடங்கின.
நான் அழுதால்
"எப்போதிலிருந்து?" என்பாள்.

அண்ணன் உர்மாஸுக்கு இன்றிரவு தாண்டாது என்று
ஹாப்சலு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது
படகு துறையில் உறைந்து கிடந்தது.
ஹெலிகாப்டருக்கு மூடுபனி.
கார்ச் சாவியை எடுத்தேன்.

"இருபத்தொன்று" என்றாள்.

ஒரு சென்டிமீட்டர், ஹெல்யே. உன் சுண்டுவிரல் நகம்.

"இருபத்தொன்று."

என்னென்னவோ கத்தினேன்.
அவள் அண்ணன் என்றால் திறந்திருப்பாள் என்றேன்.
மேசைமேல் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள்.
பிறகு எழுந்துபோய்
பூட்ஸ் கொண்டுவந்தாள். இரண்டு ஜோடி.

"ஆளுக்கு ஏழு போதும். பத்துக் கிலோமீட்டர்.
மூன்று மணி நேரம். நீ அழுதால் மூன்றரை."

இடுப்பில் கயிறு. எட்டு மீட்டர் இடைவெளி.
ஒருவர் விழுந்தால் மற்றவர் விழாதிருக்க.
ஆறுதலாய் ஒரு சொல் இல்லை.
அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை குனிந்து துளைத்து
இருட்டில் எண் சொல்வாள்:
இருபத்தொன்று. இருபத்துமூன்று. பத்தொன்பது.
கீழே எங்கோ கடல் நெட்டி முறித்தது.
ஓரிடத்தில் எண் வரவில்லை.
எவ்வளவு? என்றேன்.
"நட" என்றாள்.

நாற்பது நிமிடம் பிந்திவிட்டோம்.
நர்ஸ் போர்வையை நேர்செய்துகொண்டிருந்தாள்.
யாரும் கேட்காமலே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து,
"சாலை தாங்கியிருந்தால் காரில் நேரத்துக்கு வந்திருப்போம்"
என்றாள் ஹெல்யே.
வசந்தம் வரும்வரை அவளோடு நான் பேசவில்லை.
அவளும் காரணம் கேட்கவில்லை.
தெரிந்ததை ஏன் கேட்க வேண்டும்?

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது
அந்த ஆண்டு நோட்டு கிடைத்தது.
நாலரையாவது கிலோமீட்டர்.
பனியின் கனம்: ஒன்பது.

ஒன்பது.
அந்த மூன்று மாதமும்
இந்த எண் அவள் கையில் இருந்திருக்கிறது.
ஒருமுறை எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும்,
நான் வாயடைத்துப் போயிருப்பேன்.

பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம்.
காற்றின் திசை, விரிசல், நரித்தடம் என்று
எழுதுகிற இடம்.
அதே சிறிய, சாயாத கையெழுத்தில்:

தோய்வோ, எட்டு மீட்டர் பின்னால்.
நடக்கிறான்.