வேகம்: மூன்று

சினிமாவின் ஓசையை மட்டும் பதிக்க
எங்கோ செய்த பிலிம்.
முகம் பார்த்துப் பழக்கமில்லாதது.
வட்டத் தகர டப்பாவில் நானூறு அடி,
லாரி பார்சலில் வந்தது. திறந்தால்
புளித்த வாசனை.
வேகம் என்னவென்று மேலே எழுதவில்லை.
துண்டு துண்டாய் வெட்டி எடுத்துப் பார்த்து
மூன்று என்று நானே வைத்துக்கொண்டேன்.
கடையில் விற்பது நானூறு.
இது படம் பிடிப்பதற்குள்
எருமை திரும்பிப் பார்த்து, மறந்தும் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வேலை
கொலுசுக்கு முத்துப் பற்றவைப்பது.
ஆறு நாள் வெள்ளியோடு.
கூட்டிய தூசியைக்கூட
எடைபோட்டு வாங்கிக்கொள்வார் முதலாளி.
ஏழாம் நாள் இந்த வெள்ளி.
குலுக்கினால் சத்தம் வராது.

நாலு ரோட்டில் மாலை ஆறு மணிக்கு எடுத்தேன்.
சேலத்தில் யாருமே இல்லை.
ஓர் இளநீர் வண்டி,
அதில் தலைவைத்துத் தூங்கிய ஆள்,
அவ்வளவுதான் ஜனத்தொகை.

இதற்குச் சிவப்பு தெரியாது.
செம்பருத்தி கறுப்பு. தபால்பெட்டி கறுப்பு.
மைத்துனியின் உதட்டுச்சாயம் கறுப்பு;
இரண்டு மாதம் பேசவில்லை அவள்.
ஆனால் தெரியாததால்தான்
குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு
இதன் எதிரிலேயே நிற்கமுடிகிறது.
நான் பார்க்கிறேன்.
அதற்கு நான் இன்னும் இருட்டு.

டிசம்பரில் இருபது வளைவும் ஏறி,
நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டம்.
சில்வர் ஓக் நிழல்.
பன்னிரண்டு விநாடி என்றது மீட்டர்.
மங்கலில் இந்த பிலிம் சோர்ந்துபோகும்.
பன்னிரண்டுக்கு நாற்பது கேட்கும்.

உண்ணாமலையிடம் சொன்னேன்,
நாற்பது விநாடி ஆடாமல் நில்லுங்கள் என்று.

"நாப்பது எண்ணுறதுக்குள்ள
எத்தன பழம் போவும் தெரியுமா?
கிலோவுக்குத்தான் கூலி.
நீ உன் வேலயப் பாரு."

கிளையை வளைத்துக் கயிறு கட்டி
நுனியைக் காலால் மிதித்துக்கொண்டாள்.
இடுப்புச் சாக்கை முன்னால் இழுத்துவிட்டாள்.
திறந்தேன். எண்ணினேன்.
பதினேழில் ஒரு ஜீப் போனது.
பிலிமைப் பொறுத்தவரை போகவில்லை.

காப்பியிலும் கழுவலாம் என்று கேள்வி.
சலவை சோடா, வைட்டமின் சி மாத்திரை,
அந்தத் தோட்டத்துத் தூளையே போட்டேன்,
கவிதைபோல இருக்குமே என்று.
சோதனைத் துண்டு வெறுமையாக வந்தது.
பெட்டிக்கடையின் இரண்டு ரூபாய் பாக்கெட்
பத்தாவது நிமிடத்தில் வேலையைக் காட்டியது.
வீடெல்லாம் நாற்றம்.

படத்தில் மரம் இருக்கிறது, சாக்கு இருக்கிறது.
கயிற்றை மிதித்த கால், பெருவிரல் நகம்வரை.
கைகள் இல்லை.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
பின்னாலிருக்கும் இலைகள் தெரிகின்றன.
பழங்கள் மட்டும் விசித்திரம்:
ஐந்தாம் விநாடியில் பறித்தது
ஒரு கறைபோல, இருந்ததா என்று சந்தேகமாக.
முப்பதில் பறித்தது ஏறக்குறைய முழுக் கறுப்பு.
கைபடாத காய்கள் வெளிறி, அப்படியே.
நுனியிலிருந்து அடிவரை
அவள் வேலை
கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டே போகிறது.

பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்.
உண்ணாமலை தன் முகத்தைத் தேடவில்லை.
நகத்தால் தொட்டுத் தொட்டு
உதடசைய எண்ணினாள்.
"முப்பத்திமூணு."
பிறகு விரலைக் கீழே இறக்கி
மண்ணில் ஓரிடத்தில் வைத்தாள்.
"ஒண்ணு இங்க விழுந்துச்சு.
அதக் காணோம்."

செம்மண். சிவந்த பழம்.
கறுப்பில் கறுப்பு.
லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து
அவள் விரல் இருந்த இடத்தில்
குனிந்து தேடுகிறேன்.
எடைபோடக் கூப்பிடுகிறார்கள், அவள் போய்விட்டாள்.