வீங்கிய கை

ஊலு நகரில் ஜனவரி காலை ஏழு மணி என்பது
நள்ளிரவின் இன்னொரு பெயர்.
பனியில் சைக்கிள் மிதித்து வருகிறான் பையன்.
பத்தொன்பது வயது, ஐஸ் ஹாக்கியில் பாதி போன முன்பல்.
முதுகுப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டி
"இன்னும் சூடாக இருக்கிறது" என்கிறான்
பேக்கரிக்காரன் மாதிரி.

எடை: நூற்று நாற்பது கிராம்.
உப்புநீர், கொஞ்சம் கிளிசரால், மிக்சி.
முகமூடிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நினைக்கிறேன்,
இந்த ஒரு கரண்டியில் குடியிருப்பவர்கள்
பின்லாந்தின் வாக்காளர் பட்டியலில் அடங்க மாட்டார்கள்.
இன்று மொத்தமாக இடம்பெயர்கிறார்கள்,
மூன்றாம் வார்டுக்கு.

அங்கே தைஸ்தோ.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எழுபத்துநான்கு.
மருந்து மேல் மருந்து கொடுத்ததில்
குடலில் இருந்தவர்கள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட,
மிஞ்சியவன் ஒரே ஒரு ரவுடி.
ஆளில்லாத தெருவில் அவன் வைத்ததே சட்டம்.

உடம்பின் காவலர்களில் பாதிக்கு மேல்
குடல் சுவரோரம்தான் முகாம்.
எவன் விருந்தாளி எவன் திருடன் என்று
அங்கேதான் முகம் பழகுகிறார்கள்.
அக்கம்பக்கம் போனதும் சுவர் கசிகிறது.
காவலுக்குத் தூக்கமில்லை,
இரவெல்லாம் நிழலைச் சுடுகிறது.
சமையல் முடிந்தும் அணைக்காத அடுப்பாக
உள்ளே ஏதோ புகைகிறது, புகைகிறது;
வேலிக்கே பசியெடுத்துப் பயிர்ப்பக்கம் திரும்புகிறது.
நிஜத் திருடன் வரும் அன்று
துப்பாக்கியில் தோட்டா இல்லை.

எனக்குத் தெரியும். எனக்கு ஐம்பத்தெட்டு.
ஏழு வயதில் வந்துபோன அம்மை
போகவே இல்லை,
நரம்பின் வேரில் அரை நூற்றாண்டு பதுங்கிக் கிடந்து
காவல் கண்ணயர்ந்த ஓர் இரவில்
விலாவில் அக்கியாக எழுந்தது.

ரத்தம் எடுக்கப் போனால் தைஸ்தோ கேட்கிறார்:
"கொடுத்தவன் எப்படி? பாடுவானா?"
சொல்லக் கூடாது.
"மீன் பிடிப்பானா?"
சொல்லக் கூடாது.
"வியாழக்கிழமை பட்டாணி சூப்பாவது குடிப்பானா?"
சிரித்துவிட்டேன்.
அது போதும் அவருக்கு.
அன்றிரவு வீட்டில், ஏனென்று தெரியாமல்,
நானும் ஒரு கிண்ணம் பட்டாணி ஊறப்போட்டேன்.

வசந்தம் வந்தது. ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது.
பையன் படிப்பு முடிந்து எங்கோ போய்விட்டான்.

அக்டோபரில் ஒருநாள்
சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு
ஆய்வகக் கதவைத் தட்டுகிறார் தைஸ்தோ.
"முந்தாநாள் காய்ச்சல் ஊசி.
பத்து வருடமாகக் குத்துகிறார்கள்,
கல்லில் குத்தினது போல இருக்கும்.
இப்போது பார்!"
சிவந்து, அப்பமாக உப்பிய கை.
ராத்திரி குளிர்காய்ச்சல் வேறு அடித்ததாம்;
பதக்கம் வாங்கியவர் முகம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது."
"யார் கட்டச் சொன்னது" என்று என் பக்கம் திரும்பி
"தொட்டுப் பார்" என்றார்.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன்.
சூடு.