நீர்க்கழிவு

ஒன்பதேகாலுக்கு நிற்கிறோம்,
கோத்தகிரியில், வர்க்கி அடுப்புக்கு மேல்மாடியில்,
தரை சூடாக இருக்கும் ஒரே மூலையில்
ஐந்து ஜோடிக் காலுறைகள்.
நின்றால் பேச்சு சுருங்குமாம்.
இங்கே குளிரே சுருக்கிவிடுகிறது.

நேற்று என்ன செய்தாய்.
இன்று என்ன செய்வாய்.
தடை ஏதும் உண்டா.

மூன்றாவதற்கு
ஏழு மாதமாக ஒரே பதில்: ஒன்றுமில்லை.
பெள்ளிராஜ் சொல்வான்,
முந்தின இரவு முழுக்க சர்வர் விழுந்து கிடந்திருக்கும்.
புஷ்பகாந்தி சொல்வாள்,
மகளின் காய்ச்சலை மஃப்ளருக்குள் சுற்றி வைத்துக்கொண்டு.
நானும் சொல்வேன்.
நான் சோதிப்பவள்;
பிழை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

கொழுந்து நிறுக்கும் செயலி எங்களுடையது.
தராசு, கைபேசி, ரசீது.
பதினான்கு நாளுக்கு ஒரு சுற்று.
செடிக்கும் அதே கணக்கு:
கிள்ளிய இடத்தில் மறுபடி இரண்டு இலை, ஒரு மொட்டு.
"செடி மீட்டிங் போடறதில்லையே" என்பான் அன்வர்தீன்.
"கவாத்து வெட்டறாங்களே" என்பார் ஜெபமலர்,
எங்கள் கூட்டங்களை நடத்துபவர்,
இதுவரை கத்தியே எடுக்காதவர்.

சுற்று முடியும் வெள்ளிக்கிழமை
திரும்பிப் பார்க்கும் கூட்டம்.
நன்றாய் நடந்ததற்குப் பச்சைத் தாள்,
நடக்காததற்கு மஞ்சள்,
மாற்ற வேண்டியதற்கு ரோஜா நிறம்.
ஒட்டிவிட்டு உட்காருவதற்குள்
ஈரச் சுவர் ஒவ்வொன்றாய் உதிர்க்கும்.
குனிந்து பொறுக்கி, யாருடையது என்று கேட்டு,
யாருடையதும் இல்லை என்று தெரிந்து
வர்க்கி தின்றுவிட்டுக் கலைவோம்.

ஆடி மாதச் சுற்றில்தான் முதல் திருத்தம்:
குண்டூசி.
சிரிக்காதீர்கள்.
தாள் விழாமல் இருந்த பிறகே
அதில் என்ன எழுதியிருக்கிறோம் என்று படித்தோம்.

அதற்கடுத்த வெள்ளி
ஒரே ஒரு மஞ்சள் தாள். என் கையெழுத்து.
'மிச்சியம்மா இன்னும் பென்சிலில் எழுதுகிறார்.'

கீழே தகரத் தட்டு இழுக்கும் ஓசை.
சொன்னேன்:
கீழ்ஹட்டி கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன்.
மூட்டை ஏறியதும் செயலி காட்டுகிறது, பதினேழு.
ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அவர் தன் நோட்டில் எழுதுகிறார், பதினேழு எழுநூறு.
"நனைஞ்ச இலைக்கு ஒருதரம் கழிக்குது,
அப்புறம் சில்லறையையும் முழுங்குது" என்றார்,
கோபமில்லாமல்,
பக்கத்து வீட்டு நாயின் பழக்கத்தைச் சொல்வதுபோல.

மஞ்சு இறங்கிய நாளில் நூற்றுக்குப் பத்து நீர்க்கழிவு.
அது ஆலை விதி.
மீந்த கிராமை வெட்டியது விதியில்லை.
பெள்ளிராஜ் எழுதிய ஒரு வரி.
நான் சோதித்து 'சரி' போட்ட வரி.
அவன் அம்மா கொழுந்து போடுவதும் அதே நிலையம்.
அவன் காது சிவந்தது.
என்னுடையதை நான் பார்க்கவில்லை.

யார் என்று ஜெபமலர் கேட்கவில்லை.
"எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார்.
வெகுநேரம் கழித்து அன்வர்தீன்:
"நாம தராசுல வெச்சுப் பார்த்தது அரிசிப் பை.
காய்ஞ்சது. அஞ்சு கிலோ. முழுசா அஞ்சு."

ரோஜாத் தாளில் ஒன்றே ஒன்று:
சுற்றுக்கொருமுறை நம்மில் ஒருவர்
நிலையத்தில், ஈர மூட்டையைப் பிடித்தபடி நிற்பது.

வரியை மாற்ற நாற்பது நிமிடம்.
திருப்பித் தர வேண்டிய கிராம்களைக் கூட்டி எடுக்க
இன்னொரு சுற்று முழுதும்.

போன வாரம் என் முறை.
ரசீதும் நோட்டும் ஒரே எண் சொல்லின.
மிச்சியம்மா பென்சிலைக் கீழே வைக்கவில்லை.
"இருக்கட்டும்" என்றார்.

இன்று காலை மூன்றாவது கேள்வி.
"உண்டு" என்றான் பெள்ளிராஜ்.
"மகளுக்குக் காய்ச்சல், மத்தியானம் போகணும்" என்றாள் புஷ்பகாந்தி.
எனக்கும் இரண்டு இருந்தன.
பதினைந்து நிமிடக் கூட்டம் முப்பத்தைந்தைத் தாண்ட,
கீழே அடுப்பு அணைந்து
காலடியில் தரை குளிரத் தொடங்கியது.

எழுதி வைத்திருக்கிறேன்,
வெள்ளிக்கிழமைக்கு.
மஞ்சள் தாள். குண்டூசி.