ஏழாம் கம்பி

கரடியனாற்றுச் சந்தியிலிருந்து உள்ளே பதினொரு கிலோமீற்றர்.
புளியடிமடுக் குளக்கட்டின் வயிற்றுக்குள்
பன்னிரண்டு கம்பிகளைப் புதைத்திருக்கிறார்கள்,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு.
பெட்டியைக் கொளுவினால் அது ஒரு சுண்டு சுண்டும்.
கம்பி அதிரும்.
எத்தனை தடவை என்று பெட்டி எண்ணிச் சொல்லும்.
அதைக் குறிப்பது என் வேலை,
மற்றது அட்டை கடிக்காமல் பார்ப்பது.

நீர் நெருக்க நெருக்கக் கம்பி தளரும், குரல் இறங்கும்.
புதிதாய் வருகிறவர்கள் இதைத் தலைகீழாய்த்தான் விளங்குவார்கள்.
நானும் முதல் மாதம்
எண் குறைந்ததென்று சந்தோசப்பட்டவள்.

பழைய பெட்டி மஞ்சள்.
ஒரு தடவை நௌபரின் மோட்டார்சைக்கிளோடு
வாய்க்காலுக்குள் போய் வந்தது.
முந்நூறு மீற்றர் கேபிளின் மறுமுனையையும் கேட்கும்;
அதிர்வெண் தூரத்தில் களைக்காது.
ஒரே குறை,
அதற்குத் "தெரியாது" என்று சொல்லத் தெரியாது.
எலி கேபிளை அறுத்திருந்தாலும்
ஏதோ ஒன்றைக் கேட்டு எண் தரும்.

புதியது கறுப்பு.
கேட்டதையெல்லாம் படமாக விரித்து
இது கம்பி, இது இரைச்சல் என்று பிரிக்கும்.
வெயிலில் திரை தெரியாது.
ஆறு மணித்தியாலத்தில் பற்றறி படுத்துவிடும்.
மாகாணம் முழுவதற்கும் ஒன்றுதான் வாங்கினார்கள்,
அன்றிரவு அது அம்பாறையில்.

மார்கழி. வான் பாய்ந்துகொண்டிருந்தது.
ஏழாம் கம்பி 8410.
காலையில் 8897.
தொலைபேசியில் பொறியியலாளர் சிவதர்சினி:
"எண் சரியா? சரியெண்டா
கீழ்வட்டைச் சனத்தை எழுப்போணும்."

எண்ணைக் குலைத்து அதிர்வெண் ஆக்கினேன்.
2900.
ஐம்பதால் மிச்சமில்லாமல் பிரிகிறது.
மண் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் பார்க்காது.
ஒலியைக் கூட்டிப் பெட்டியைக் காதோடு வைத்தேன்.
கம்பியின் குரல் சுண்டியதும் எழும்பித் தேய்ந்து போகும்.
இது தேயவில்லை,
போத்தலுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி.

"நௌபர், ஜெனறேற்றரை நிப்பாட்டுங்க."
"லைற் போயிருமே மிஸ்."
"போகட்டும். மறுகா பாப்பம்."

இருட்டு. மழை.
திரும்பச் சுண்டினேன்.
8120. சுண்டினேன். 9377.
6604.
ஒவ்வொன்றும் நாலு இலக்கம்,
ஒவ்வொன்றும் சத்தியம் பண்ணுகிற முகத்தோடு.

"அப்ப தண்ணி ஏறல்லியா மிஸ்?"
ஏறவில்லை என்று கம்பி சொல்லவில்லை.
கம்பி எதுவுமே சொல்லவில்லை.

ஏழாம் கட்டத்தில் வாசிப்பு இல்லை என்று எழுதினேன்.
ஈரத்தாளைப் பென்சில் கிழித்தது.
சிவதர்சினியிடமும் அதையே சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவவின் மூச்சு மட்டும்.
"அப்ப எழுப்புறன்," என்றா.

ரோச்சோடு கட்டின் அடிக்கு இறங்கினோம்,
கசிவு தெளிவா கலங்கலா என்று பார்க்க.
தூரத்தில் கீழ்வட்டை வீடுகளில்
விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கியிருந்தன.
நௌபர் ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்தான்.
பின்னால் ரோச்சை வைத்தோம்.
பச்சையாய்த் தெரிந்தது.
அது தண்ணீரின் நிறமா போத்தலின் நிறமா என்று
மழைக்குள் நின்று
இரண்டு பேரும் சண்டை பிடித்தோம்.